கெட்டிப் பிசினில் புதையும் சர்க்யூட் போர்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழுதான சாதனத்தைத் திறந்தால் பல நேரம் உள்ளே போர்டே கண்ணில் படுவதில்லை. கறுப்புக் கட்டி ஒன்றுதான் இருக்கிறது. மோட்டார் கண்ட்ரோலர், எல்இடி டிரைவர், மின்சார சைக்கிளின் பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் போர்டு, வாட்டர் பம்ப் ஸ்டார்ட்டர் என்று பலவற்றிலும் இதுதான் நிலை. தண்ணீரும் தூசியும் புகாதிருக்க எபாக்சி என்ற இறுகும் பிசினை ஊற்றிவிட்டோம் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கட்டிக்குள் ஒரு சின்ன டயோடு போனாலும் முழுச் சாதனமும் குப்பைக்குத்தான். ஈரத்திலிருந்து போர்டைக் காக்கக் கெட்டிப் பாட்டிங், அதாவது போர்டையே பிசினில் புதைப்பது, ஒன்றுதான் வழி என்ற நினைப்பு சரியல்ல. பெரும்பாலான சாதனங்களுக்கு, பழுதுபார்க்க வழிவிடும் மெல்லிய பூச்சே போதும். ஒழுங்காகப் போட்டால் கட்டியைவிட அது நன்றாகவும் உழைக்கும்.

எபாக்சி இறுகிய பிறகு சும்மா இருப்பதில்லை. நிரப்பித் தூள் கலக்காத எபாக்சி, ஒரு டிகிரி சூடு ஏறினால் மீட்டருக்குச் சுமார் 50 முதல் 80 மைக்ரான் வரை விரியும். போர்டின் எஃப்ஆர்-4 கண்ணாடி இழைத் தகடு நீளவாக்கில் 14 முதல் 17 மைக்ரான்தான் விரியும். செராமிக் சிப்புகள் இன்னும் குறைவு. சாதனத்தை ஆன் செய்து அணைக்கும் ஒவ்வொரு முறையும் எபாக்சி ஒரு பக்கம் இழுக்க, போர்டு வேறு கணக்கில் நகர்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது சோல்டர் இணைப்புகள். கண்ணாடி உடல் கொண்ட டயோடுகள் முதலில் உடையும். அடுக்குச் செராமிக் கெபாசிட்டரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். நாளடைவில் அந்த விரிசல் வழியே உள்ளடுக்குகள் ஷார்ட்டாகும். ஃபெரைட் கோர் நெருக்கப்பட்டால் காயிலின் இண்டக்டன்ஸ் மாறிவிடும், கன்வெர்ட்டர் வடிவமைத்தபடி ஓடாது. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் தலையில் இருக்கும் வெட்டுக்குறி, உள்ளே அழுத்தம் ஏறினால் திறந்துகொள்வதற்கானது. அதன் மேல் எபாக்சி ஊற்றுவது பாதுகாப்பு வால்வை அடைப்பதற்குச் சமம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. எபாக்சி உட்பட எந்தப் பிளாஸ்டிக்கும் நீராவியை முழுதாகத் தடுக்காது. தவிர, கட்டியிலிருந்து வெளியே வரும் ஒயர்களின் பிவிசி உறையோடு எபாக்சிக்கு நல்ல பிடிப்பு இருப்பதில்லை. பாலிஎத்திலீன், டெஃப்லான், சிலிக்கோன் உறைகளோடு சுத்தமாகக் கிடையாது. சில நூறு முறை சூடேறிக் குளிர்ந்ததும் ஒயரைச் சுற்றி முடியளவு இடைவெளி விழும். அதன் வழியாகவும், ஒயருக்குள் உள்ள செம்பு இழைகளின் இடுக்கு வழியாகவும் தண்ணீர் ஏறி வரும். உள்ளே வந்த நீர் பிறகு எளிதில் காயாது. பாட்டிங் செய்த போர்டை அறுத்துப் பார்த்தால் ஒயர் சேரும் இடத்தில் பச்சை பிடித்திருப்பது இதனால்தான்.

எபாக்சியே கூடாது என்று சொல்லவில்லை. பல ஆயிரம் வோல்ட் ஓடும் இடத்தில் காற்றிடைவெளி இருந்தால் மின்கசிவுப் பொறி உண்டாகும். அங்கே வெற்றிடத்தில் ஊற்றிய, குமிழி இல்லாத பாட்டிங் வேண்டும். எரிவாயு சூழும் இடங்களுக்கான கருவிகளில் உறைவார்ப்பு என்பதே ஒரு பாதுகாப்பு முறை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 60079-18 அதற்கான தரநிலை. எப்போதும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் சென்சார், கடுமையாக அதிரும் எஞ்சின் மேல் உட்காரும் மாட்யூல், யாரும் பிரிக்கக் கூடாத ரகசியக் கருவி ஆகியவற்றுக்கும் நியாயம் உண்டு. வெப்பம் கடத்தும் தூள் கலந்த பாட்டிங், மூடிய பெட்டிக்குள் அசையாமல் நிற்கும் காற்றைவிட நன்றாகவே சூட்டை வெளியேற்றும். வீட்டுக் கூரைக்குக் கீழே, பெட்டிக்குள் இருக்கும் ஒரு கண்ட்ரோல் போர்டு இந்தப் பட்டியலில் எதிலும் வராது.

அப்படியானால் எந்தப் பூச்சு? விற்பனைத் தாளில் உள்ள வோல்ட் கணக்கைப் பார்த்துத் தேர்வு செய்வதுதான் வழக்கம். நாங்கள் கேட்பது வேறு கேள்வி: இதை எடுப்பது எப்படி? அந்தக் கேள்விக்கு முதலில் பதில் எழுதி வைத்துவிட்டுப் பூச்சுக்குப் போக வேண்டும்.

கன்ஃபார்மல் கோட்டிங் எனப்படும் இந்தப் பூச்சுகளில் அக்ரிலிக் வகைதான் பழுதுபார்ப்பவரின் நண்பன். கரைப்பானில் கரைந்து வரும், காய்ந்தால் படலமாகும், மறுபடி கரைப்பான் பட்டால் மறுபடி கரையும். புதிதாகப் பூசுவது பழைய படலத்தின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். ஒட்டுப்போட்ட இடமே தெரியாது. பெரும்பாலான வகைகள் 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். பலவீனமும் அதே குணத்தில்தான் இருக்கிறது: பெட்ரோல், தின்னர் சிதறும் இடத்துக்கு அக்ரிலிக் ஆகாது. அங்கே யூரித்தேன். அது ரசாயனத்தையும் உராய்வையும் தாங்கும், ஆனால் எடுப்பது சிரமம். சோல்டரிங் அயர்னால் அதன் மேலேயே சூடு வைத்து வேலை செய்யலாம் என்பார்கள். செய்யலாம்தான், ஆனால் கருகும் யூரித்தேனிலிருந்து ஐசோசயனேட் புகை வரும். மூச்சுக்குழலை உறுத்தி ஆஸ்துமாவையே வரவழைக்கக் கூடிய புகை அது. புகை உறிஞ்சி இல்லாமல் தொடவே கூடாது.

சிலிக்கோன் பூச்சு 200 டிகிரி வரை தாங்கும், ரப்பர்போல மெத்தென்று இருப்பதால் உறுப்புகளை இழுக்காது. நகத்தால் கீறியே உரித்துவிடலாம். ஆனால் சிலிக்கோன் பட்ட இடத்தில் சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் ஒட்டாது. ஒரே மேசையில் சிலிக்கோனும் அக்ரிலிக்கும் பூசும் பட்டறையில் அக்ரிலிக் படலம் மீன்கண் மீன்கண்ணாக விலகி நிற்பதற்கு இதுவே காரணம். கந்தக வாயு உள்ள சூழலில், அதாவது கழிவுநீர் நிலையம், ரப்பர் ஆலை போன்ற இடங்களில், சிலிக்கோன் அந்த வாயுவைத் தாராளமாக உள்ளே விடும். சிப் ரெசிஸ்டரின் வெள்ளி முனைகள் கறுத்து அறுந்துபோகும். பாரிலீன் ஆவியாகப் படிய வைக்கப்படுவது. பூச்சுகளிலேயே சிறந்தது என்று சொல்லலாம். ஆனால் எடுக்க நுண்தூள் பீச்சும் எந்திரம் வேண்டும். சாதாரணப் பழுதுபார்க்கும் மேசைக்கு அது எட்டாது.

பூச்சு வெற்றி பெறுவதும் தோற்பதும் பூசுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. போர்டில் ஃபிளக்ஸ் (சோல்டர் பிடிக்க உதவும் பசை) மிச்சமோ கைவிரல் வேர்வையோ இருந்தால், படலத்தைக் கடந்து வரும் நீராவியை அந்த உப்பு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். படலத்துக்கு அடியில் கொப்புளம் எழும். கொப்புளத்துக்குள் உப்புநீர், இரு பக்கமும் மின்னழுத்தம்; உலோகம் கரைந்து ஒரு டிராக்கிலிருந்து (போர்டின் செம்புத் தடம்) இன்னொரு டிராக்குக்குக் கிளைவிட்டு வளரும், ஷார்ட்டாகும். பூசாத போர்டாக இருந்தால் வெயில் வந்ததும் காய்ந்திருக்கும். பூசியதால்தான் செத்தது என்று சொல்லும்படி ஆகிவிடும். சதுர சென்டிமீட்டருக்கு 1.56 மைக்ரோகிராம் உப்பு என்பது தொழிற்சாலைகளில் பல பத்தாண்டுகள் புழங்கிய எல்லை. அது கண்ணுக்குத் தெரியும் அளவே அல்ல. ஆகவே பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது என்பது கணக்கில் வராது.

குறைந்தது 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எடுங்கள். கை கழுவும் 70 சதவீதக் கலவை வேண்டாம், மீதி முழுக்கத் தண்ணீர். மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தபின், போர்டைச் சாய்த்துப் பிடித்துப் புது ஆல்கஹாலால் ஒருமுறை வழிய விட வேண்டும். பலரும் இந்த இரண்டாம் அலசலை விட்டுவிடுகிறார்கள். ஃபிளக்ஸ் கரைந்த ஆல்கஹால் அங்கேயே காய்ந்தால், ஓரிடத்தில் இருந்த அழுக்கைப் போர்டு முழுக்கப் பரப்பியதுதான் மிச்சம். கழுவத் தேவையில்லை எனப்படும் ‘நோ-கிளீன்’ ஃபிளக்ஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அரைகுறையாகத் துடைப்பதைவிடத் தொடாமல் விடுவது மேல். அரைகுறையாகத் துடைத்தால் ஃபிளக்ஸின் பிசின் உறை கலைந்து, உள்ளே அடைபட்டிருந்த அமிலங்கள் வெளிவந்து வெள்ளைப் பூத்தாற்போல் நிற்கும். துடைப்பதென்றால் முழுதாகத் துடைக்க வேண்டும். பிறகு 60 முதல் 80 டிகிரி சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் உலர்த்தி, நைட்ரைல் கையுறையோடு எடுத்து, அன்றே பூசிவிட வேண்டும்.

அடுத்தது மறைப்பு. கனெக்டர், சுவிட்ச், திறந்த ரிலே, டிரிம்மர், ஃபியூஸ் தாங்கி, பேட்டரி முனை, ஹீட்சிங்க் அமரும் பரப்பு, மைக், ஈரப்பத சென்சார், அழுத்த சென்சார் ஆகியவற்றில் பூச்சு படக் கூடாது. சூடு தாங்கும் கேப்டான் டேப்போ உரித்தெடுக்கும் ரப்பர் மறைப்போ போதும். டேப் ஒட்டினாலும் கனெக்டரின் அடியில் பின் வழியே பூச்சு ஊறி ஏறிவிடும். அதனால் கனெக்டர் ஓரத்தில் முதலில் கெட்டியான மறைப்புப் பசையால் ஒரு வரம்பு கட்டிவிடுவது நல்லது. பூச்சு முழுதாக இறுகுவதற்கு முன்பே டேப்பை உரிக்க வேண்டும்; காய்ந்தபின் இழுத்தால் படலமும் சேர்ந்து கிழியும்.

ஸ்பிரே டின்னாக இருந்தால் 20 முதல் 25 செ.மீ. தூரம் வைத்து மெல்லிய மூன்று கோட்டு, ஒவ்வொன்றுக்கும் போர்டை 90 டிகிரி திருப்பி, நடுவில் 10 முதல் 15 நிமிடம் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். தூரம் கூடினால் கரைப்பான் வழியிலேயே ஆவியாகி, சிலந்தி நூல்போல இழை இழையாக விழும். நெருங்கி ஒரே மூச்சில் தடிமனாக அடித்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் சிக்கிய கரைப்பான் குமிழியாகும். முக்கி எடுப்பதானால் போர்டை நிமிடத்துக்கு 5 முதல் 15 செ.மீ. வேகத்தில் மெதுவாகத் தூக்க வேண்டும். ஐசிகளுக்கு அடியில் இருந்து காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். எந்த முறையானாலும் காற்றோட்டம், கரைப்பான் ஆவிக்கான முகமூடி, அருகில் தீப்பொறி இல்லாமை ஆகிய மூன்றும் கட்டாயம்.

தடிமன் கூடினால் காப்பும் கூடும் என்று நினைப்பவர்கள் மெல்லிய பூச்சையே குட்டி எபாக்சியாக மாற்றிவிடுகிறார்கள். மின்னணுத் தொழில் அமைப்பான ஐபிசியின் தரநிலைகள் காய்ந்த படலத்துக்குத் தரும் அளவு: அக்ரிலிக், யூரித்தேனுக்கு 30 முதல் 130 மைக்ரான், சிலிக்கோனுக்கு 50 முதல் 210, பாரிலீனுக்கு 10 முதல் 50. பூசும்போது ஈரப்படலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குத் திடப்பங்கைப் பார்க்க வேண்டும். கன அளவில் 30 சதவீதம் திடப்பொருள் உள்ள பூச்சை 100 மைக்ரான் ஈரமாகப் போட்டால் காய்ந்ததும் 30 மைக்ரான் கிடைக்கும். பூச்சு பெரிய ஐசியின் அடியில் நிறைந்து இறுகினால், சூடேறும்போது அது ஐசியை மேலே தள்ளி சோல்டரை இழுக்கும். மறுபுறம், ஐசி கால்களின் கூர்முனையில் பரப்பு இழுவிசை பூச்சை விலக்கிவிடும். அங்கேதான் படலம் மிக மெலிது. பெரும்பாலான பூச்சுகளில் ஒளிரும் சாயம் கலந்திருக்கும். இருட்டில் 365 நானோமீட்டர் யூவி டார்ச் அடித்தால் பூச்சு பட்ட இடம் நீலமாகத் தெரியும், படாத இடம் கறுப்பாக நிற்கும். கால்முனைகளைப் பார்த்து, விட்டுப்போன இடத்தில் பிரஷ்ஷால் தொட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: பூச்சு போட்டுவிட்டதால் மின்டிராக்குகளை நெருக்கி வைக்கலாம் என்று எண்ணக் கூடாது. மெயின்ஸ் பக்கத்துக்கும் கை படும் பக்கத்துக்கும் இடையிலான தூரத்தைப் பூச்சை நம்பிக் குறைப்பதற்கு ஐஇசி 60664-3 தனிச் சோதனை கேட்கிறது.

இனி பழுது. போர்டில் இருப்பது என்ன பூச்சு என்று தெரியவில்லையா? நகத்தால் அழுத்துங்கள், ரப்பர்போல் அமுங்கினால் சிலிக்கோன். அசிட்டோன் தொட்ட பஞ்சுக்குச்சி பட்டதும் பிசுபிசுத்தால் அக்ரிலிக். கெட்டியாக, எதற்கும் அசையாமல் இருந்தால் யூரித்தேன் அல்லது எபாக்சி. கால்களின் அடியில் திரளே இல்லாமல் எங்கும் ஒரே சீராகப் படிந்திருந்தால் பாரிலீன். அக்ரிலிக் போர்டில் மீட்டரின் கூர்முனைப் புரோபே படலத்தைக் குத்திக்கொண்டு போகும், அளந்து பார்க்க எதையும் எடுக்க வேண்டியதில்லை. கெட்ட உறுப்பு தெரிந்ததும், பஞ்சுக்குச்சியில் கரைப்பானைத் தொட்டு அதன் மேல் ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு, மறுபடி காய்வதற்குள் துடைத்தெடுக்க வேண்டும். ஊற்ற வேண்டாம். அசிட்டோன், பாலிகார்பனேட் ஜன்னலையும் ஏபிஎஸ் உறையையும் விரிசல் விடவோ உருகவோ செய்யும். பிடிவாதமான இடத்தில் மரக்குச்சியால் சுரண்டலாம்; பிளேடு எடுத்தால் பச்சைச் சோல்டர் மாஸ்க்கும் சேர்ந்து போகும். உறுப்பை மாற்றி, புது ஃபிளக்ஸை முழுதாகக் கழுவி, உலர்த்தி, பழைய படலத்தின் மேல் 3 முதல் 5 மி.மீ. ஏறும்படி பூசினால் வேலை முடிந்தது. யூரித்தேன் போர்டானால் பழைய ஓரத்தை நுண்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கிவிட்டுப் பூச வேண்டும்.

மெல்லிய படலம் போதாது, அடிக்கடி நீர் தேங்கும் என்ற இடங்களுக்கும் எபாக்சிக்கு முன் ஒரு படி இருக்கிறது: சிலிக்கோன் ஜெல். இரண்டு பாகம், பெரும்பாலும் சமஎடை. பாத்திரச் சுவரை வழித்து வழித்து மெதுவாக இரண்டு மூன்று நிமிடம் கலக்கி, வெற்றிடத்தில் குமிழி நீக்கி, பெட்டியின் ஒரு மூலையில் ஊற்ற வேண்டும். வெற்றிடத்தில் நுரை பல மடங்கு எழும்பும், பாத்திரம் அதற்கேற்பப் பெரிதாக இருக்கட்டும். ஜெல் இறுகவில்லை என்று புலம்புபவர்கள் ஜெல்லை இறுகவைக்கும் பிளாட்டினம் வினையூக்கியைக் கெடுத்தவர்கள்: கந்தகம் உள்ள ரப்பர், லேட்டக்ஸ் கையுறை, அமீன் எபாக்சி, சில ஃபிளக்ஸ் மிச்சம் எதுவானாலும் தொட்ட இடம் கூழாகவே நின்றுவிடும். முதலில் ஓரத்தில் சிறிது ஊற்றிப் பாருங்கள். ஜெல் சூட்டில் வெகுவாக உப்பும். 60 டிகிரி ஏற்றத்துக்குக் கன அளவில் 5 சதவீதத்துக்கும் மேல் கூடும். அதனால் மேலே பத்தில் ஒரு பங்கு இடம் காலியாக விட வேண்டும், மூடிவரை நிரப்பினால் மூடியே பிதுங்கும். பழுது வந்தால் புரோபைக் குத்தி அளக்கலாம், எடுத்தபின் ஓட்டை தானே மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் கரண்டியால் தோண்டி, உறுப்பை மாற்றி, புது ஜெல் ஊற்றினால் பழையதோடு ஒட்டிக்கொள்ளும்.

கனமான காயிலும் பெரிய கெபாசிட்டரும் அதிர்வில் ஆடாதிருக்க, அடியில் சிலிக்கோன் பசையால் இரண்டு மூன்று பொட்டு வைத்தால் போதும். ஆனால் குளியலறைச் சிலிக்கோன் வேண்டாம். வினிகர் வாடை வந்தால் அது அசிட்டிக் அமிலம், செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை, அதிலும் ஆல்காக்சி வகை நல்லது. நெயில் பாலிஷ் பூசுவதும் பரவலாக இருக்கிறது. அதன் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். சூட்டில் மஞ்சளாகி விரிசல் விட்டு உரியும், எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும்.

பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெட்டியைக் கவனிக்காவிட்டால் பாதி வேலைதான். இறுக்கி மூடிய பெட்டி பகலில் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும், குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும், அது உள்ளே நீராகக் கோக்கும். இழுக்கும் வழி கேஸ்கெட்டின் ஏதோ ஒரு நுண்ணிய இடுக்கு. கோத்த நீர் வெளியேறும் வழி மட்டும் இராது. நீர் விடாமல் காற்று விடும் சவ்வு அடைப்பானோ, தாழ்ந்த மூலையில் 5 மி.மீ. வடிகால் துளையோ வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். கேபிள் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்க வேண்டும், நீர் அங்கே சொட்டிவிடும். நீர் தேங்காதபடி போர்டைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திவைப்பதற்கு ஒரு காசும் கூடுதலாக ஆகாது.

தயாரிப்பாளர்களிடம் கேட்பது இரண்டுதான். பூச்சின் வகையைப் போர்டின் ஓரத்தில் அச்சிடுங்கள். அக்ரிலிக்குக்கு ஏஆர், யூரித்தேனுக்கு யூஆர், சிலிக்கோனுக்கு எஸ்ஆர் என்ற இரண்டெழுத்துக் குறிகள் துறையில் ஏற்கெனவே புழங்குகின்றன. அதோடு கரைப்பானின் பெயரையும் சர்வீஸ் கையேட்டில் எழுதுங்கள். உயர் மின்னழுத்தப் பகுதிக்கு எபாக்சி கட்டாயம் என்றால், அந்தப் பகுதியைச் சுற்றி ஒரு சுவர் கட்டி அதற்குள் மட்டும் ஊற்றுங்கள். ஃபியூஸ், சர்ஜ் தாங்கும் வேரிஸ்டர், எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், கனெக்டர் ஆகியவை முதலில் போகக் கூடியவை. அவை சுவருக்கு வெளியே நிற்கட்டும்.

இப்படிக்கு,
மின்னணுப் பழுதுபார்ப்புத் துறை வாசகர்கள்